சப்பாத்துத் தைத்தவரின் மகன் ஜோர்ஜ் பூல்

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகளின் கொப்பிகளில் பூலியன் அட்சரகணிதம் என்றொரு பகுதி இருக்கும். தருக்கப் படலைகளைக் குறைத்துச் சுற்றைச் சுருக்கும்படி கேட்கும் கணக்குகள் அதில்தான் வரும். அந்தப் பெயருக்குரிய ஜோர்ஜ் பூல், இலத்திரனியல் என்ற துறையே பிறக்காத காலத்தில் வாழ்ந்து மறைந்தவர்.

1815 நவம்பர் 2 இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் பிறந்தார். தகப்பன் சப்பாத்துத் தைப்பவர். ஆனால் மனம் முழுவதும் தொலைநோக்கிகளில் இருந்தது. தொழில் நொடித்துப்போக, மூத்த மகன் பூல் 16 வயதிலேயே உதவி ஆசிரியராகி வீட்டைச் சுமந்தார். 19 வயதில் சொந்தமாகச் சிறு பாடசாலை தொடங்கினார். பல்கலைக்கழகத்தில் படிக்க வழியிருக்கவில்லை. இரவல் புத்தகங்களைக் கொண்டு, பிரெஞ்சுக் கணித நூல்கள் உட்பட, தானாகவே கற்றார். 1844 இல் ரோயல் சொசைட்டி அவருக்குப் பதக்கம் வழங்கியது. 1849 இல், பெரும் பஞ்சத்தால் சிதைந்திருந்த அயர்லாந்தின் கோர்க் நகரக் கல்லூரியில், பட்டம் பெறாத அவர் கணிதப் பேராசிரியரானார்.

அங்கிருந்தபடி 1854 இல் சிந்தனையின் விதிகள் பற்றிய நூலை வெளியிட்டார். ஐரோப்பிய ஆண்களும் பெண்களும் என்றாலும், ஐரோப்பிய ஆண்களும் ஐரோப்பியப் பெண்களும் என்றாலும் பொருள் ஒன்றே. பேச்சில் நாம் இயல்பாகச் செய்யும் இந்தச் சுருக்கத்தை அவர் சமன்பாடாக எழுதினார்.

1864 இன் கடைசியில் கொட்டும் மழையில் நடந்து கல்லூரிக்குப் போய், நனைந்த உடுப்போடு விரிவுரை செய்தார். காய்ச்சல் கண்டது. டிசம்பர் 8 இல், 49 வயதில் இறந்தார். ஈரத்துக்கு ஈரமே மருந்தென்று மனைவி அவரை நனைத்ததாக ஒரு கதை உலவுகிறது. அதையே பேசுபவர்கள், ஐந்து பெண்பிள்ளைகளோடு தனித்துவிடப்பட்ட மேரி பூல் லண்டன் சென்று கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்ததையும், கணிதம் கற்பித்தல் பற்றி நூல்கள் எழுதியதையும் ஏனோ பேசுவதில்லை. அப்போது நான்கு வயதுப் பிள்ளையாக இருந்த அலிசியா பின்னாளில் நாற்பரிமாண வடிவியலில் பெயர் பெற்றார். அவரும் பல்கலைக்கழகம் போகவில்லை.

1937 இல் அமெரிக்க மாணவர் குளோட் ஷனன், பூலின் அட்சரகணிதம் மின் ஆளிகளுக்கு அப்படியே பொருந்துவதைத் தன் ஆய்வேட்டில் காட்டினார். அன்றிலிருந்து சமன்பாட்டைச் சுருக்கினால் சுற்றும் சுருங்கும் என்றாயிற்று. பெருக்கல் இங்கே 'உம்', கூட்டல் 'அல்லது'.

க.ட + க.த + ச.ட + ச.த + ப என்ற சுற்றை அப்படியே கட்டினால் இரண்டு நிலைகளில் 5 படலைகளும் அவற்றுக்கு 13 உள்ளீடுகளும் வேண்டும். பூலின் அதே விதிப்படி பொதுக் காரணியை வெளியே எடுத்தால் (க + ச).(ட + த) + ப ஆகும். படலைகள் 4, உள்ளீடுகள் 8. ஆனால் நிலைகள் மூன்றாகிவிடும். சமிக்ஞை கடக்கும் ஒவ்வொரு நிலையும் சிறிது நேரத்தைத் தின்னும். இலட்சக்கணக்கான படலைகள் கொண்ட சிப்பில் எந்த இடத்தில் காரணியை எடுப்பது, எந்த இடத்தில் வேகத்துக்காக விரித்தே விடுவது என்று தேடுவதை இன்று வடிவமைப்பு மென்பொருள்கள் செய்கின்றன.