மதுரையிலே குறள் இல்லை!

சங்கம் வளர்த்த ஊர் என்கிறோம். கூடல் மாநகர் என்கிறோம். அந்த மதுரைக்கு 1901-ஆம் ஆண்டு ஒருவர் சொற்பொழிவாற்ற வந்தார். குறிப்பெடுக்கத் திருக்குறளும் கம்பராமாயணமும் வேண்டியிருந்தன. தேடச் சொன்னார். தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்! கோயில் இருந்தது, கோபுரம் இருந்தது, கடைவீதியிலே பட்டும் பவளமும் இருந்தன. கேட்ட நேரத்தில் குறள் இல்லை.

தேடியவர் ஏழைப் புலவரல்லர். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1867-இல் பிறந்தவர். அவருடைய தந்தை பொன்னுசாமித் தேவர், ஆறுமுக நாவலரைக் கொண்டு பழைய நூல்களை அச்சேற்றியவர். எனவே பிள்ளைக்கு வீட்டிலேயே ஏடு, வாசலிலேயே புலவர். அந்தத் தமிழ் எந்த உழவனுடைய வியர்வையிலே வளர்ந்தது என்பதை நாம் மறந்துவிடவில்லை. ஆனால் அதே செல்வம் படைத்த ஜமீன்தார்கள் பலர் அதை எங்கே கரைத்தார்கள் என்பதும் நமக்குத் தெரியாததல்ல!

தம் மாளிகையிலே நூல் நிறைந்திருப்பது வேறு, ஊரிலே நூல் இருப்பது வேறு என்பது தேவருக்கு அன்று உறைத்திருக்க வேண்டும். அதே ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் மதுரைத் தமிழ்ச் சங்கம் தோன்றியது. பாஸ்கர சேதுபதி துணை நின்றார். உ. வே. சாமிநாதையர், பரிதிமாற் கலைஞர், அரசன் சண்முகனார், ரா. இராகவையங்கார் போன்றோர் அதில் சேர்ந்தனர். கலாசாலை வந்தது, பாண்டியன் புத்தகசாலை வந்தது, அச்சுக்கூடமும் வந்தது.

நூலை வாங்கி அடுக்கிவிட்டால் போதுமா? பேச வேண்டாமா, வாதிட வேண்டாமா? கீற்றுக் கொட்டகைப் படிப்பகத்திலே ஒருவர் படிக்கப் பத்துப்பேர் கேட்டு, பதினோராவது ஆள் மறுத்துப் பேசிய காட்சி நமக்குப் பழக்கமானது. சங்கத்திலும் புலவர்கள் கூடினார்கள். இந்தப் பாடமா, அந்தப் பாடமா? இந்த உரை பொருந்துமா, பொருந்தாதா? அந்த வாதங்கள் மண்டபத்தோடு முடிந்துவிடவில்லை. 'செந்தமிழ்' என்ற திங்களிதழ் வழியாக வெளியூருக்கும் போயின. சுவடியிலே செல்லரித்துக் கிடந்த சிறு நூல்கள் அதிலே அச்சேறின. தேர்வு நடத்திப் பண்டிதர் பட்டமும் தந்தது சங்கம். ஆலைத் தொழிலாளி அந்தப் பண்டிதர் வரிசையிலே அமர்ந்ததாக நாம் பெருமையடித்துக்கொள்ள முடியாது. ஆயினும், புலமைக்கு அரண்மனைத் தயவை எதிர்பார்த்து நின்ற நிலை மாறத் தொடங்கியது. மாற்றியவரும் ஒரு ஜமீன்தாரே!

சென்னையிலே ஆ. சிங்காரவேலு முதலியார் என்றோர் ஆசிரியர், ஆண்டுக்கணக்கில் தனியொருவராக உழைத்து ஒரு கலைக்களஞ்சியம் எழுதி வைத்திருந்தார். அச்சிடப் பணமில்லை. தேவர் அந்தப் பொறுப்பை ஏற்றார். ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட 'அபிதான சிந்தாமணி' 1910-இல் சங்கத்தின் வெளியீடாக வந்தது.

ஏட்டோடு நின்றவரா அவர்? 1906-இல் வ. உ. சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவரும் அவரே. 1908-இல் சிதம்பரனாரைச் சிறையில் தள்ளியது வெள்ளை அரசு. கம்பெனி நொடித்தது.

1911 டிசம்பர் 2-ஆம் நாள் தேவர் மறைந்தார். வயது 44. கப்பல் போயிற்று, ஜமீனும் பின்னாளில் போயிற்று. அவர் தொடங்கிய கலாசாலை, செந்தமிழ்க் கல்லூரி என்ற பெயரோடு மதுரை தமிழ்ச் சங்கம் சாலையிலே இருக்கிறது.