குமாஸ்தாவாகப் புகுந்து செயலாளராக உயர்ந்த வி. பி. மேனன்

நம் காலனியிலிருந்து ஷொறணூர் மார்க்கமாகச் செல்லும் வண்டியில் ஏறினால் சிறிது நேரத்தில் ஒற்றப்பாலம் வந்துவிடும். பாரதப் புழையை அடுத்த அவ்வூர்ப் பகுதியில் 1893ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்தவர் வாப்பாலா பங்குண்ணி மேனன். உலகம் அவரை வி. பி. மேனன் என்றே அறியும். தமிழ்ச் சங்க மலரில் மலையாளி ஒருவரின் சரிதம் எதற்கு என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். அவர் பிறந்த நாளில் இப்பாலக்காட்டுச் சீமை சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்ததாகவே இருந்தது. அதனினும் முக்கியமான காரணம், காரியாலயத்தில் பேனா பிடித்துப் பிழைக்கும் நம்மனோர்க்கு இவரைவிட நெருங்கிய உறவினர் வேறொருவர் அகப்படமாட்டார் என்பதே.

தந்தையார் பள்ளித் தலைமையாசிரியர். ஆயினும் மகனுக்குக் கல்லூரிப் படிப்பு வாய்க்கவில்லை. கோலார் தங்கச் சுரங்கத்திலும் பெங்களூரில் ஒரு புகையிலைக் கம்பெனியிலும் இளமையில் உழைத்தார். எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டார் என்றும் கூறுவதுண்டு. ரயில்வேக்காரர்களாகிய நமக்கு அதைக் கேட்பதில் தனி மகிழ்ச்சி. 1914ஆம் ஆண்டில் சிம்லாவில், இந்திய அரசாங்கத்தின் உள்துறையில் குமாஸ்தாவாக அமர்ந்தார்.

அக்காலத்தில் அரசாங்கத்தின் உயர் பதவிகள் ஐ.சி.எஸ். தேறியவர்களுக்கே உரியன. மேனன் அப்பரீட்சை எழுதியவரல்லர். அவருக்கு வாய்த்தவை கோப்புகள் மட்டுமே. அரசியல் சீர்திருத்தப் பிரிவில் பல்லாண்டுகள் அவற்றைப் படித்தார். எவர் எதைக் கேட்டார், எதை மறுத்தார், எந்தச் சொல்லுக்காகச் சண்டை மூண்டது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாயிற்று. 1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தை அவரளவு அறிந்தவர் மிகச் சிலரே. 1942ல் சீர்திருத்தக் கமிஷனரானார். வைசிராய்க்கு அரசியலமைப்பு விஷயங்களில் யோசனை கூறும் பதவி அது.

1947 மே மாதத்தில் நடந்ததைச் சற்று விரிவாகவே கூறவேண்டும். லண்டன் ஒப்புதல் பெற்று வந்த அதிகார மாற்றத் திட்டத்தை மவுண்ட்பேட்டன் பிரபு சிம்லாவில் நேருஜியிடம் காட்டினார். நாடு பல துண்டுகளாகிவிடும் என்று நேருஜி அதைக் கடுமையாக மறுத்தார். மாற்றுத் திட்டம் எழுதும் பொறுப்பு மேனனிடம் வந்தது. நேருஜி அன்று மாலை தில்லி திரும்ப வேண்டும். சில மணி நேரத்தில் மேனன் எழுதி முடித்தார். ஜூன் 3ஆம் நாள் வெளியான திட்டத்திற்கு அடிப்படை அதுவே. மேதையின் வேகம் என்று இதைப் புகழ்வர். நாம் அப்படிக் கருதவில்லை. டொமினியன் அந்தஸ்தின் கீழ் அதிகாரத்தைக் கைம்மாற்றும் யோசனையைப் பல மாதங்களுக்கு முன்னரே அவர் சர்தார் படேலிடம் பேசி, அவர் மனம் அறிந்திருந்தார். உடன்பாடு முன்பே ஆகியிருந்தது. அன்று எழுதப்பட்டது அதன் வாசகம் மட்டுமே. மேலதிகாரியிடம் குறிப்பு அனுப்புமுன் சம்பந்தப்பட்டவரை நேரில் கண்டு பேசும் வழக்கம் நம் ஆபீசுகளில் எத்தனை பேருக்கு உண்டு?

ஜூலை 5ஆம் நாள் சமஸ்தான இலாகா தோன்றிற்று. படேல் மந்திரி, மேனன் செயலாளர். ஐந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை இந்தியாவுடன் இணைக்கவேண்டும். ஆகஸ்டு 15க்கு எஞ்சியிருந்ததோ ஆறு வாரத்திற்கும் குறைவு. பாதுகாப்பு, வெளிவிவகாரம், போக்குவரத்துத் தொடர்பு ஆகிய மூன்றை மட்டும் கேட்போம், மற்றவை மன்னர்களிடமே இருக்கட்டும் என்பது மேனனின் யோசனை. அந்த மூன்றையும் மன்னர்கள் அதுவரை பிரிட்டிஷாரிடமே விட்டிருந்தமையால், புதிதாக ஒன்றும் இழப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. கேட்பதைக் குறைத்ததனால் பெற்றது மிகுந்தது.

திருவிதாங்கூர் அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. தனி நாடாக இருப்போம் என்று திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் ஜூன் மாதம் அறிவித்திருந்தார். பீர்மேடும் தேவிகுளமும் பெரியாற்று ஏரியும் அன்று திருவிதாங்கூர் எல்லைக்குட்பட்டவை. அவ்வறிவிப்பு நிலைத்திருந்தால், கம்பம், போடி பக்கத்திலிருந்து மலையேறித் தேயிலை, ஏலத் தோட்டங்களில் உழைத்த நம் மக்களுக்குக் குமுளியே அந்நிய நாட்டு எல்லையாகியிருக்கும். ஜூலையில் தில்லி வந்த திவானிடம் வைசிராயும் பேசினார், மேனனும் பேசினார். வாதத்தில் சர் சி. பி.யை வெல்லக்கூடியவர் அரியர். மேனன் வெல்ல முயலாமல், பிரிந்து நிற்பதால் வரும் இன்னல்களை எடுத்துரைத்தார். ஊர் திரும்பிய திவான் ஜூலை 25ஆம் நாள் வெட்டுக் காயமுற்றார். சில நாட்களில் மகாராஜாவின் சம்மதம் தந்தியில் வந்தது. பேச்சினால் மட்டுமே இது முடிந்தது என்று நாம் சொல்லமாட்டோம்.

ஜோத்பூர் இளம் மகாராஜா கையொப்பமிட்டபின் கைத்துப்பாக்கியை மேனனை நோக்கி நீட்டியதும் உண்டு. தம்மைக் கொன்றாலும் மிரட்டினாலும் இணைப்பு ரத்தாகாது என்று மேனன் அமைதியாக விடையளித்தார். அந்த நிதானம் மன்னரின் கோபத்தைத் தணித்தது.

அடுத்த இரண்டாண்டுகளில் மன்னர்கள் ஆட்சியையே விட்டுக்கொடுக்கச் சம்மதித்தனர். அப்பேச்சுகளில் இனிமையோடு எச்சரிக்கையும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆட்சிக்கு ஈடாக மன்னர் மானியம் தருவதாகப் படேலும் மேனனும் வாக்களித்தனர். அவ்வாக்கு அரசியல் சட்டத்திலும் இடம் பெற்றது.

1950 டிசம்பரில் படேல் மறைந்தபின் மேனனுக்குத் தில்லியில் ஆதரவு குன்றியது. 1951ல் சிறிது காலம் ஒரிஸ்ஸா கவர்னராகப் பணியாற்றினார். பிறகு பெங்களூரில் ஒதுங்கினார். படேலின் விருப்பப்படி சமஸ்தான இணைப்பைப் பற்றியும் அதிகார மாற்றத்தைப் பற்றியும் இரு நூல்கள் எழுதி 1956லும் 1957லும் வெளியிட்டார். 1959ல் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியில் சேர்ந்தார். 1965 டிசம்பர் 31ஆம் நாள் காலமானார். மன்னர் மானியத்தைப் பாராளுமன்றம் 1971ல் நீக்கியபோது, அவ்வாக்கை அளித்த இருவருள் ஒருவரும் உயிரோடில்லை.