நான்காவது எண்ணைச் சொன்னவரே அதன் அர்த்தத்தை நம்ப மறுத்த கதை... யார் இந்த வோல்ஃப்காங் பௌலி?

'பௌலி தவிர்ப்புத் தத்துவம்'... கெமிஸ்ட்ரி பரீட்சைக்குப் படிச்சு, அதோட மறந்திருப்போம். ஒரே அணுவில் எந்த இரண்டு எலக்ட்ரான்களுக்கும் நான்கு குவாண்டம் எண்களும் ஒன்றாக இருக்காது என்பதுதான் அது. இதைச் சொன்ன பௌலி, 1900-ல் வியன்னாவில் பிறந்தவர். 21 வயதில் சார்பியல் கோட்பாடு பற்றி 200 பக்கங்களுக்கு மேல் எழுதி, ஐன்ஸ்டீனிடமே பாராட்டு வாங்கியவர்.

அதென்ன நான்கு எண்? எலக்ட்ரானோட அட்ரஸ் மாதிரி. எந்த ஆற்றல் மட்டம், என்ன வடிவ ஆர்பிட்டால், அது எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்ல 3 எண்கள் போதும். ஆனால் அந்தக் கணக்குப்படி முதல் மட்டத்தில் ஒரு எலக்ட்ரானுக்குத்தான் இடம்; நிஜத்தில் இருப்பதோ 2. அடுத்த மட்டத்தில் 4-க்குப் பதில் 8, அதற்கடுத்து 9-க்குப் பதில் 18. எல்லாமே டபுள்! அப்படியானால் இரண்டே மதிப்பு கொண்ட நான்காவது எண் ஒன்று தேவை என்றார் பௌலி. அது 1925. அவருக்கு 24 வயது.

சரி, அந்த எண் எதைக் குறிக்குது? அதை அவர் சொல்லவில்லை.

அதே ஜனவரியில், ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் ரால்ஃப் குரோனிக் என்ற 20 வயது இளைஞர் விடையோடு வந்தார். எலக்ட்ரான் தன்னைத்தானே சுற்றுகிறது, இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் என்று அதற்கு இரண்டே வழி. பௌலி ஏற்கவே இல்லை. முகத்துக்கு நேரா விமர்சிப்பதில் பேர்போன மனுஷர் ஆச்சே! சிக்கலும் இருந்தது. நிஜமாகவே பந்து மாதிரி சுற்றினால், எலக்ட்ரானின் மேற்பரப்பு ஒளியைவிட வேகமாக ஓட வேண்டும். கணக்கிலும் விடை 2 மடங்கு அதிகமாக வந்தது. மனம் தளர்ந்த குரோனிக் கட்டுரையை வெளியிடவே இல்லை.

சில மாதங்களில் நெதர்லாந்தின் லைடனில் உலன்பெக், கவுட்ஸ்மிட் என்ற இரு இளைஞர்களுக்கும் இதே யோசனை வந்தது. மூத்த விஞ்ஞானி லொரென்ஸ் சொன்ன ஆட்சேபத்தைக் கேட்டு அவர்களும் பயந்து, கட்டுரையைத் திரும்பக் கேட்கப் போனார்கள். ஆனால் பேராசிரியர் ஏரன்ஃபெஸ்ட் ஏற்கெனவே அனுப்பிவிட்டார். பெயர் அவர்களுக்குக் கிடைத்தது.

1926-ல் தாமஸ் என்பவர் அந்த 2 மடங்கு பிழையைச் சரிசெய்த பிறகுதான் பௌலி இறங்கி வந்தார். மறு வருஷமே 'ஸ்பின்'னுக்கான கணிதத்தையும் அவரே எழுதினார். 1928-ல் சூரிச்சில் பேராசிரியரானபோது உதவியாளராகச் சேர்த்துக்கொண்டது யாரை தெரியுமா? அதே குரோனிக்கைத்தான்!

தவிர்ப்புத் தத்துவத்துக்காக 1945-ல் பௌலிக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஸ்பின்னைச் சொன்ன மூவரில் ஒருவருக்கும் நோபல் இல்லை.

1958 டிசம்பரில், புற்றுநோயோடு சூரிச் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பௌலி, அறை எண்ணைப் பார்த்ததும் கலங்கிப்போனாராம். எலக்ட்ரானின் ஆற்றல் மட்டங்கள் நுணுக்கமாகப் பிரிவதைத் தீர்மானிக்கும் எண் சுமார் 1/137. அவருடைய குரு சோமர்ஃபெல்ட் அறிமுகப்படுத்தியது. ஏன் அந்த மதிப்பு என்ற கேள்வி பௌலியை ஆயுள் முழுக்கத் துரத்தியது. அறை எண் 137. டிசம்பர் 15-ம் தேதி, அந்த அறையிலேயே அவர் உயிர் பிரிந்தது.