நோயாளியின் மொழியில் மருத்துவம் கற்பித்த டாக்டர் கிரீன்

சென்ற செமஸ்டர் விடுமுறையில் கோலசிலாங்கூர் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்து வீட்டுக்குப் போயிருந்தேன். பாட்டி தம்முடைய மருந்துப் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இனிப்பு நீர் நோய்க்கு மருந்து சாப்பிடும் தமக்குக் கிட்னிக்கும் ஏன் மாத்திரை கொடுக்கிறார்கள் என்று கேட்டார். கிட்னியில் வலி எதுவும் இல்லாததால் அந்த மாத்திரையை மட்டும் இரண்டு மாதமாக அவர் சாப்பிடவில்லை.

நான் இரண்டாம் ஆண்டு மருத்துவ மாணவன். அதே கேள்விக்கு அந்தப் பருவத் தேர்வில் ஆங்கிலத்தில் பதில் எழுதி நல்ல புள்ளிகள் வாங்கியவன். மலாய் மொழியிலும் விளக்கியிருப்பேன். ஆனால், பாட்டிக்குத் தமிழில் சொல்ல வாய் வரவில்லை. எதையோ சொல்லி முடித்தேன். பாட்டி தலையை ஆட்டினார். அவருக்குப் புரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அன்று மாலை பாட்டி பழைய தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசினார். அங்கிருந்த டிரஸர் யாழ்ப்பாணத்துக்காரராம். எந்த நோயானாலும் தமிழிலேயே விளக்கிச் சொல்வாராம். ஒரு காலத்தில் தோட்டங்களுக்குக் கிராணியாகவும் டிரஸராகவும் யாழ்ப்பாணத்திலிருந்து பலர் வந்தார்கள் என்பது நாம் அறிந்ததே. யாழ்ப்பாணத்தில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தவர்கள் உண்டா என்று தேடிப் பார்த்தேன். அப்போதுதான் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீனைப் பற்றி விரிவாகப் படித்தேன்.

கிரீன் 1822-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் உருவாகக் காரணமாக இருந்தவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ கிரீன் இவருடைய அண்ணன். நியூயார்க்கில் மருத்துவம் படித்த சாமுவேல், அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். அப்போது அவருக்கு ஏறக்குறைய 25 வயது. அவர் வந்த நோக்கத்தில் மதப்பணியும் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. வந்த பிறகு தமிழ் கற்றார். 1848-இல் மானிப்பாயில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியதோடு ஒரு மருத்துவ வகுப்பையும் ஆரம்பித்தார்.

முதலில் அந்த வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடந்தது. மாணவர்கள் நன்றாகவே படித்தார்கள். ஆனால், தேர்ச்சி பெற்றவர்களை அரசாங்க வேலை இழுத்துக்கொண்டது. நல்ல சம்பளத்துக்காக அவர்கள் வெளியூர் போனார்கள். யாருக்காக அந்த வகுப்பு தொடங்கப்பட்டதோ அந்தக் கிராம மக்களுக்கு மருத்துவர் கிடைக்கவில்லை.

இங்கேதான் கிரீன் ஒரு நல்ல ஆசிரியராக எனக்குத் தெரிகிறார். அவர் மாணவர்களைக் குறை கூறிக்கொண்டிருக்கவில்லை. தாம் கற்பிக்கும் முறையையே மாற்றினார். 1864-இல் மருத்துவ வகுப்பைத் தமிழில் தொடங்கினார். கிராமத்தில் தங்கி, கிராமத்தாரின் பேச்சிலேயே நோயை விளக்கும் மருத்துவர்களை உருவாக்குவது அவருடைய நோக்கம். மாணவர்கள் ஐரோப்பிய உடைக்கும் பழக்கத்துக்கும் மாறுவதையும் அவர் விரும்பவில்லை.

தமிழில் கற்பிக்கப் பாடநூல் வேண்டுமே? அந்த வேலையை அவர் 1850-களிலேயே தொடங்கிவிட்டார். பிரசவ மருத்துவ நூல் ஒன்று 1857-இல் தமிழில் வந்தது. அறுவை மருத்துவத்துக்கு 'இரண வைத்தியம்' 1867-இல் வந்தது. உடற்கூற்றியலுக்கு 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இலும், வேதியியலுக்கு 'கெமிஸ்தம்' 1875-இலும் வெளியாயின. மொத்தம் ஏறக்குறைய 4,500 பக்கங்கள். கலைச்சொல் இல்லாத இடங்களில் முதலில் தமிழில் தேடினார். கிடைக்காவிட்டால் வடமொழியில் தேடினார். அதிலும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதினார். கெமிஸ்தம் என்ற பெயரே அதற்குச் சான்று.

இந்த நூல்களை அவர் தனியாக எழுதவில்லை. டன்வோர்த், சாப்மன் போன்ற தம்முடைய மாணவர்களையே மொழிபெயர்க்க வைத்தார். பிறகு உடனிருந்து திருத்தினார். ஒரு பாடத்தை இன்னொருவருக்குப் புரியும்படி எழுத வேண்டுமென்றால் முதலில் நமக்கு அது முழுவதும் புரிந்திருக்க வேண்டும். இதைவிடக் கடினமான தேர்வு வேறு என்ன இருக்கிறது? நோயாளிகளைக் கவனித்துக்கொண்டே படித்த அந்த மாணவர்களில் சிலர் பின்னர் மற்றவர்களுக்குக் கற்பிப்பவர்களாகவும் ஆனார்கள்.

சிறந்த மருத்துவராக இருப்பதால் மட்டும் ஒருவர் சிறந்த ஆசிரியராகிவிட முடியாது என்பதை மருத்துவ உலகம் மெதுவாகத்தான் உணர்ந்தது. அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவர், மருத்துவ விரிவுரையாளர்களுக்கே கற்பிக்கும் பயிற்சி தரும் முயற்சியை 1950-களில்தான் தொடங்கினார். மாணவர்களின் திறனை நான்கு படிகளாக அளக்கலாம் என்று அவர் 1990-இல் எழுதினார்: அறிந்திருப்பது, எப்படிச் செய்வது என்று அறிந்திருப்பது, செய்து காட்டுவது, அன்றாட வேலையில் உண்மையாகவே செய்வது. இன்று மருத்துவ விரிவுரையாளர்கள் பாடம் நடத்தவும் கேள்வித்தாள் தயாரிக்கவும் மதிப்பிடவும் பயிற்சி பெறுகிறார்கள். என் பாட்டியின் முன் நான் முதல் படியிலேயே நின்றுவிட்டேன் என்பது இதைப் படித்தபோதுதான் புரிந்தது.

கிரீன் 1873-இல் அமெரிக்கா திரும்பினார். ஆனால், தமிழ் நூல் வேலையை விடவில்லை. 'மனுஷ சுகரணம்' என்ற உடலியல் நூல் 1883-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். தாம் தமிழர்களுக்கு மருத்துவப் பணி செய்தவர் என்பது மட்டும் தம் கல்லறையில் இருந்தால் போதும் என்று விரும்பினார். அவரிடம் படித்து மருத்துவரானவர்கள் 60 பேருக்கும் மேல். அவர் பெயரில் மானிப்பாயில் ஒரு மருத்துவமனை இருக்கிறது.

விடுமுறை முடிவதற்குள் பாட்டியிடம் மறுபடியும் உட்கார்ந்தேன். பாட்டி முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். ஸ்டோரில் பால் ஊற்றும்போது வடிகட்டும் சல்லடையை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். கிட்னியும் ஒரு சல்லடை. சர்க்கரை அதிகமாக இருந்தால் அதன் கண்கள் மெல்ல மெல்லக் கிழியும். உடம்பில் தங்க வேண்டிய சத்து சிறுநீரில் ஒழுகிவிடும். கிழியும்போது வலிக்காது. சல்லடையின் மேல் விழும் அழுத்தத்தைக் குறைக்கத்தான் அந்த மாத்திரை.

பிறகு நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்லும்படி கேட்டேன். பாட்டி என்னைவிடத் தெளிவாகச் சொன்னார். அன்றிரவு நான் நினைவுபடுத்தாமலே அந்த மாத்திரையை எடுத்துச் சாப்பிட்டார். பல்கலைக்கழகத்தில் நான் எழுதிய எந்தத் தேர்வும் எனக்கு அவ்வளவு நிறைவு தந்ததில்லை.