நீரிடம் பாடம் கற்ற வீரர்

ஹாங்காங்கின் கவுலூன் பகுதியில், நேதன் சாலையில் இருந்த அடுக்குமாடி வீடொன்றில் ஒரு பெரிய குடும்பம் வாழ்ந்து வந்தது. அக்குடும்பத்தின் நான்காவது பிள்ளைக்கு வீட்டார் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தனர். சும்மா இருக்கத் தெரியாதவன் என்பது அதன் பொருள். பெயருக்கு ஏற்றவாறே அவன் ஓரிடத்தில் அமர மாட்டான். ஓடுவான், தாவுவான், குறும்பு செய்வான். லீ ஜுன் ஃபான் என்ற அந்தச் சிறுவனையே பின்னாளில் உலகம் புரூஸ் லீ என்று கொண்டாடியது.

அவனுடைய தந்தை லீ ஹோய் சுவென், புகழ்பெற்ற கண்டோனீஸ் இசைநாடக நடிகர். அவர் தம் குழுவினருடன் அமெரிக்காவில் நாடகம் நடத்தச் சென்றிருந்தபோது, 1940ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோவில் உள்ள சீன மருத்துவமனையில் புரூஸ் லீ பிறந்தான். சில மாதங்களில் குடும்பம் ஹாங்காங் திரும்பியது. குழந்தைப் பருவத்திலேயே திரைப்படங்களில் நடிக்கத் தொடங்கியவன், பதினெட்டு வயதுக்குள் ஏறத்தாழ இருபது படங்களில் நடித்துவிட்டான். படிப்பில் நாட்டம் குறைவு. சண்டையில் நாட்டம் அதிகம். அக்காலத்து ஹாங்காங்கில் இளைஞர் கும்பல்கள் மலிந்திருந்தன. மொட்டைமாடிகளில் சவால் விட்டு மோதிக்கொள்வது அவர்களுக்குப் பொழுதுபோக்காக இருந்தது. அந்த மோதல்களில் புரூஸ் லீயும் இருந்தான்.

தந்தை தாய் சி பயிற்சி செய்பவர். மகனுக்கும் சில அசைவுகளைக் கற்றுக்கொடுத்தார். மேகம் நகர்வதைப் போல மெல்ல மெல்லக் கைகால்களை அசைக்கும் கலை அது. சும்மா இருக்கத் தெரியாத பையனுக்கு அது எப்படிப் பிடிக்கும்? தெருச்சண்டையில் உடனே கைகொடுக்கும் கலையே அவனுக்கு வேண்டியிருந்தது. பதின்மூன்றாவது வயதில் அவன் யிப் மான் என்ற ஆசானைத் தேடிச் சென்றான்.

யிப் மான் சீனாவின் ஃபோஷான் நகரில் 1893இல் பிறந்தவர். 1949இல் ஹாங்காங் வந்து, உணவகத் தொழிலாளர் சங்கத்தில் விங் சுன் என்னும் தற்காப்புக் கலையைக் கற்பிக்கத் தொடங்கினார். புரூஸ் லீ அவரிடம் சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபது. ஒல்லியான, உயரம் குறைந்த மனிதர். தெருவில் எதிர்ப்பட்டால் அவரை ஒரு வீரர் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

விங் சுன் கலையில் ஒட்டும் கைகள் எனப்படும் ஒரு பயிற்சி உண்டு. இருவர் எதிரெதிரே நின்று முன்னங்கைகளைத் தொட்டபடியே வைத்துக்கொண்டு சுழற்றுவார்கள். எதிரியின் வலிமை எந்தப் பக்கம் பாய்கிறது என்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே தோல் உணர வேண்டும். அவன் தள்ளினால் எதிர்த்துத் தள்ளக்கூடாது. விட்டுக்கொடுத்து அந்த வேகத்தை வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும். இடைவெளி தெரிந்த கணமே கை தானாக உள்ளே புகுந்துவிடும். கையை இறுக்கமாக வைத்திருப்பவனுக்கு இந்தப் பயிற்சி வராது. இறுகிய கையால் எதையும் உணர முடியாது.

புரூஸ் லீ கடுமையாக உழைத்தான். நான்கு ஆண்டுகள் கடந்தன. அடிகளையும் தடுப்புகளையும் நன்றாகக் கற்றுக்கொண்டான். ஆனால் எதிரியின் முன்னால் நின்றவுடன் மனம் கொதித்தது. எப்படியாவது வென்றுவிட வேண்டும் என்ற வெறியில் தோள்களும் கைகளும் இறுகிப்போயின. யிப் மான் அருகில் வந்து, உடலைத் தளர்த்தி மனத்தை அமைதிப்படுத்தும்படியும், தன்னை மறந்து எதிரியின் அசைவைப் பின்தொடரும்படியும் அறிவுரை கூறுவார். சீடனும் முயன்றான். தளர்வாக இருக்க வேண்டும், தளர்வாக இருக்க வேண்டும் என்று தனக்குத் தானே கட்டளையிட்டுக்கொண்டான். அந்தக் கட்டளையே அவனை மேலும் இறுக்கியது. உறங்கியே தீர வேண்டும் என்று எண்ணிப் படுப்பவனுக்கு உறக்கம் வராதல்லவா? அதே சிக்கல்தான் இதுவும்.

ஆசான் கூறியதன் வேர் சீனர்களின் தொன்மையான தாவோ நெறியில் இருந்தது. தாவோ என்றால் வழி என்று பொருள். இயற்கையும் உயிர்களும் இயங்கும் வழியையே அச்சொல் குறிக்கிறது. லாவோட்சு என்ற ஞானியின் பெயரால் வழங்கும் தாவோ தே ஜிங் என்ற நூல் இந்நெறிக்கு அடிப்படை. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான அந்நூலில் 81 சிறிய பகுதிகள் உள்ளன. இயற்கையின் போக்கை எதிர்த்து முட்டி மோதாமல், அதனோடு இயைந்து செயல்படுவதை இந்நெறி வூ வெய் என்று அழைக்கிறது. தமிழில் சும்மா இருத்தல் என்று ஞானியர் கூறுவதற்கு இது நெருங்கியது. சோம்பிக் கிடப்பது அன்று. தான் என்னும் முனைப்பு இல்லாமல் செயல்படுவது. வன்மையும் மென்மையும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை என்பதும் இந்நெறியின் கருத்து. யின், யாங் என்று அவற்றைக் குறிப்பிடுவர்.

ஒருநாள் யிப் மான், இயற்கையோடு மோதாமல் அதன் வளைவுகளோடு வளைந்து செல்லும்படி சீடனுக்கு எடுத்துரைத்தார். பின்னர், அந்த வாரம் முழுவதும் பயிற்சிக்கு வர வேண்டாம் என்றும், வீட்டிலிருந்து இதைப் பற்றிச் சிந்திக்க வேண்டும் என்றும் கூறி அனுப்பினார். ஓர் ஆசானே பயிற்சியைத் தடுப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் சீடனுக்குத் தருவதற்கு அதைவிடக் கடினமான பயிற்சி வேறு இருந்திருக்க முடியாது.

புரூஸ் லீ வீட்டிலேயே இருந்தான். மணிக்கணக்கில் தியானம் செய்தான். ஒன்றும் பிடிபடவில்லை. இறுதியில் முயற்சியைக் கைவிட்டு, தனியாக ஒரு படகை எடுத்துக்கொண்டு கடலுக்குள் சென்றான். கற்றவை எல்லாம் வீணாகிவிட்டனவே என்ற எண்ணம் மேலிட்டது. தன்மீதே சினம் பொங்க, கையை ஓங்கித் தண்ணீரில் ஒரு குத்து விட்டான்.

தண்ணீருக்கு வலிக்கவில்லை. குத்து விழுந்த இடத்தில் விலகி வழிவிட்டு, அடுத்த நொடியே மீண்டும் கூடிக்கொண்டது. அவன் அதைக் கையால் அள்ளிப் பிடிக்க முயன்றான். விரல்களின் இடுக்கில் நழுவிப்போயிற்று. உலகில் இதைவிட மென்மையான பொருள் இல்லை. ஆயினும் பாறையைக் குடைவதும் இதுவே. எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் அதன் வடிவத்தை ஏற்றுக்கொள்வதும் இதுவே. ஆசான் இத்தனை நாளும் சொல்லிவந்தது அவனுக்கு அப்போது விளங்கியது.

அந்த நேரத்தில் ஒரு பறவை மேலே பறந்து சென்றது. அதன் நிழல் நீரில் தோன்றியது. பறவை போனதும் மறைந்தது. தண்ணீர் அந்த நிழலை அழைக்கவும் இல்லை, பிடித்து வைக்கவும் இல்லை. எதிரியின் முன் நிற்கும்போது எழும் சினமும் அச்சமும் தன் மனத்தில் இவ்வாறே வந்து போக வேண்டும் என்று அவன் உணர்ந்தான். உணர்ச்சியே இல்லாத கல்லாக மாற வேண்டும் என்பதன்று. எந்த உணர்ச்சியும் மனத்தில் ஒட்டிக்கொள்ளக்கூடாது என்பதே அதன் பொருள். துடுப்பை விட்டுவிட்டுப் படகில் படுத்துக்கொண்டான். படகு தன் போக்கில் மிதந்தது. சும்மா இருக்கத் தெரியாதவன் அன்று சிறிது நேரம் சும்மா இருந்தான்.

இதன்பின் அவன் அடியோடு மாறிவிட்டான் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். உண்மை அவ்வளவு எளிதாக இல்லை. 1958இல் பள்ளிகளுக்கு இடையிலான குத்துச்சண்டைப் போட்டியில் வென்றான். அதே ஆண்டில் சா சா நடனப் போட்டியிலும் வாகை சூடினான். தெருச்சண்டைகள் மட்டும் ஓயவில்லை. மகன் சிறைக்குப் போக நேருமோ என்று அஞ்சிய பெற்றோர், 1959இல் நூறு டாலர் பணத்துடன் அவனை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினர்.

சியாட்டல் நகரில் புரூஸ் லீ ஓர் உணவகத்தில் பரிமாறுபவராக வேலை செய்தார். அங்கேயே தங்கிக்கொண்டு பள்ளிப்படிப்பை முடித்து, 1961இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நாடகத் துறை மாணவராக இருந்தும் தத்துவப் பாடங்களை ஆர்வத்தோடு படித்தார். ஆசான் வாய்மொழியாகக் கூறியவற்றை இப்போது நூல்களில் தேடி வாசித்தார். பல்கலைக்கழக நாட்களில் எழுதிய ஒரு கட்டுரையில்தான் படகில் தாம் பெற்ற அனுபவத்தை அவர் விவரித்தார். 1963இல் குங்ஃபூ பற்றிய ஒரு சிறு நூலையும் வெளியிட்டார். அடிகளையும் உதைகளையும் விளக்கும் அந்நூலில் யின், யாங் பற்றிய விளக்கமும் இடம்பெற்றது.

ஆனால் எழுதத் தெரிந்த பாடம் உடலில் இறங்குவதற்கு இன்னும் காலம் தேவைப்பட்டது. 1964ஆம் ஆண்டின் இறுதியில், ஓக்லாந்து நகரில் இருந்த அவருடைய பயிற்சிக்கூடத்தில் மற்றோர் இளம் குங்ஃபூ வீரருடன் அவர் மோத நேர்ந்தது. அந்த மோதலைப் பற்றி இரு தரப்பினரும் வெவ்வேறு விதமாகக் கூறினர். தம் கணவர் சில நிமிடங்களில் வென்றதாக மனைவி லிண்டா எழுதியுள்ளார். ஆனால் புரூஸ் லீக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. எதிரி விலகி ஓட, இவர் துரத்தித் துரத்தி அடிக்க வேண்டியிருந்தது, மூச்சு வாங்கியது. தாம் கற்ற விங் சுன் முறையே ஒரு கட்டாகத் தம்மைப் பிணைத்திருந்ததை அவர் கண்டார். நீர் பாத்திரத்துக்கு ஏற்ப மாறும். அவரோ ஒரே வடிவத்தில் உறைந்திருந்தார்.

அதன்பின் குத்துச்சண்டை, வாள்சண்டை, மற்போர் என்று பல கலைகளையும் ஆராய்ந்து, பயன்படுவதை ஏற்று, பயனற்றதை விலக்கினார். 1967இல் தம் முறைக்கு ஜீட் குன் டோ என்று பெயரிட்டார். இடைமறிக்கும் கைமுட்டியின் வழி என்பது அதன் பொருள். பெயரின் இறுதியில் உள்ள டோ, தாவோ என்ற அதே சீன எழுத்துதான். கண்டோனீஸ் மொழியில் அதன் ஒலிப்பு சற்றே வேறுபடும். கறுப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று தழுவும் யின் யாங் வட்டத்தைச் சுற்றி இரண்டு அம்புக்குறிகளை வரைந்து, அதையே தம் கலைக்குச் சின்னமாக்கினார். வன்மையும் மென்மையும் ஓயாமல் ஒன்றுக்குள் ஒன்று பாய்கின்றன என்பதை அந்த அம்புக்குறிகள் காட்டின.

1970இல் அவருக்கு மீண்டும் சும்மா இருக்க வேண்டிய நிலை வந்தது. இம்முறை கட்டளையிட்டவர்கள் மருத்துவர்கள். உடலைச் சூடேற்றிக்கொள்ளாமல் பளு தூக்கியதில் முதுகு நரம்பு பாதிக்கப்பட்டது. இனி உதைக்கவே முடியாது என்று அவர்கள் கூறினர். அப்போது அவருக்கு வயது 29. இரண்டு குழந்தைகள் இருந்தனர். உடலே அவருடைய தொழிலுக்கு முதல். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். இளமையில் இப்படி முடங்கியிருந்தால் சினத்தில் சுவரைக் குத்தியிருப்பார். இப்போது வாசித்தார். தாவோ நூல்களோடு இந்தியச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் நூல்களும் அவரை ஈர்த்தன. வாசித்தவற்றையும் தம் எண்ணங்களையும் ஏடு ஏடாகக் குறித்து வைத்தார். வலியை எதிர்த்து முட்டி மோதாமல், உடல் இடம் கொடுத்த அளவுக்கு மெல்லப் பயிற்சியைத் தொடங்கினார். மருத்துவர்கள் கூறியது பொய்த்தது. முதுகுவலி முழுதும் நீங்காவிட்டாலும் கால்கள் மீண்டும் உயர்ந்தன.

உலகம் வியந்த அவருடைய படங்கள் அனைத்தும் இதற்குப் பிறகு வந்தவை. 1971இல் முதல் படம் வெளிவந்தது. அந்த ஆண்டில் கனடியப் பத்திரிகையாளர் பியர் பெர்ட்டனுக்கு அளித்த தொலைக்காட்சி நேர்காணலில், நீரைப் போல வடிவமற்று இருப்பதைப் பற்றி விளக்கினார். அதன்பின் அவருக்குக் கிடைத்த காலம் மிகக் குறைவு. 1972 டிசம்பரில் ஆசான் யிப் மான் மறைந்தார். 1973ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் மூளை வீக்கத்தால் புரூஸ் லீயும் ஹாங்காங்கில் காலமானார். அப்போது அவருக்கு வயது 32. சியாட்டல் நகரில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. படுக்கையில் இருந்தபோது அவர் எழுதிய குறிப்புகள் தொகுக்கப்பட்டு 1975இல் நூலாக வெளிவந்தன. அந்நூலின் தலைப்பிலும் தாவோ என்ற சொல் இருந்தது.

2005ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், அவருடைய 65ஆவது பிறந்தநாளில், கவுலூன் கடற்கரையில் அவருக்கு வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. தாக்குதலுக்கு ஆயத்தமாக நிற்கும் அந்தச் சிலைக்குப் பின்னால், படகுகள் வந்து போகும் விக்டோரியா துறைமுகத்தின் நீர் விரிந்து கிடக்கிறது.