தங்கையின் நோயும் தமக்கையின் தவமும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தமிழ்க் குடும்பத்திற் புற்றுநோய் என்ற சொல் புகுந்துவிட்டால், அடுத்துப் பேச்சில் வருவன பெரும்பாலும் இரண்டு ஊர்ப் பெயர்கள்: ஒன்று மகரகம, மற்றொன்று அடையாறு. அந்த அடையாற்று வைத்தியசாலையைத் தோற்றுவித்த அம்மையாரைத் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவராக நாம் அறிவோம். ஔவை இல்லத்தின் அன்னையாகவும் அறிவோம். எனினும், அவருடைய முதுமைக் காலத்தை ஆட்கொண்ட இந்த மற்றொரு பணி அத்துணைப் பரவலாகப் பேசப்படுவதில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886ஆம் ஆண்டு யூலை மாதம் 30ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர். தாயார் சந்திரம்மாள் இசைவேளாளர் மரபினர். ஆடவர் மட்டுமே பயின்றுவந்த மகாராசாக் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்புக் கிளம்பியபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடமளித்தார். 1907இற் சென்னை மருத்துவக் கல்லூரியிற் புகுந்த அவர் 1912இற் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

வாழ்வு செம்மையாக நடந்துகொண்டிருந்த வேளையில், 1920களின் தொடக்கத்தில், அவருடைய தங்கை நோயுற்றார். முதலில் அது வயிற்றுக்கடுப்பு என்றே கருதப்பட்டது. மலக்குடலிற் புற்றுநோய் வேரூன்றியிருந்தது பின்னரே தெரியவந்தது. அப்போது காலம் கடந்துவிட்டது. வீட்டிலேயே ஒரு மருத்துவர் இருந்தும் அந்த இளம் உயிரைக் காக்க இயலவில்லை. உடன்பிறந்தவள் கண்முன்னே உருகி மறைந்த காட்சி அவர் உள்ளத்தை விட்டு என்றும் அகலவில்லை.

1925இல் மேற்பயிற்சிக்காக இலண்டன் சென்றார். இன்று ராயல் மார்ஸ்டன் என வழங்கும் புற்றுநோய் வைத்தியசாலையைக் கண்டபோது, காலத்தோடு கண்டுபிடித்தால் இந்நோயையும் வெல்லலாம் என்ற நம்பிக்கை அவருக்குப் பிறந்தது.

அக்காலத்திற் புற்றுநோயை எதிர்க்கச் சத்திரசிகிச்சைக்குத் துணையாக நின்றது றேடியம். 1898இற் கியூரி தம்பதியர் கண்டறிந்த இத்தனிமத்தை 1901இலேயே பாரிஸ் மருத்துவர் தான்லோ தோல் நோய்க்குப் பயன்படுத்தினார். பின்னர் அதைச் சிறு குழாய்களிலும் ஊசிகளிலும் அடைத்து, கட்டியின் உள்ளேயோ அதனை ஒட்டியோ வைக்கும் முறை வளர்ந்தது. தூரம் இருமடங்கானால் கதிரின் வலிமை நான்கிலொன்றாகக் குறையும். ஆகவே உள்ளே வைத்த றேடியம் கட்டியை வன்மையாகத் தாக்கும். சற்று அப்பாலுள்ள நல்ல உறுப்புகளுக்குக் குறைந்த கேடே செய்யும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் வருந்திய பெண்களுக்கு இம்முறை பெரிதும் பயன்பட்டது. ஆயினும் நோயாளி பல மணி நேரம், சிலபோது நாட்கணக்கில், அசையாது கிடக்க வேண்டும். பணிபுரிந்த மருத்துவரும் தாதியரும் அக்கதிருக்குத் தாமும் உடல் கொடுத்தனர்.

தாயகம் மீண்ட அம்மையாரைப் பொதுவாழ்வு அழைத்தது. 1926இற் சென்னைச் சட்டசபை உறுப்பினரானார்; அடுத்த ஆண்டே அதன் துணைத் தலைவரானார். 1930இற் காந்தியடிகள் சிறைப்பட்டபோது பதவியைத் துறந்தார். அவ்வாண்டே ஔவை இல்லத்தையும் நிறுவினார். இத்தனைக்கும் நடுவே தங்கையின் நினைவு உறங்கவில்லை. 1935இல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிற் புற்றுநோய்க்கெனத் தனி வைத்தியசாலை வேண்டும் என்று குரல் கொடுத்தார். எப்படியும் இறக்கப் போகிறவர்களுக்கு வைத்தியசாலை எதற்கு என்ற மனப்பான்மை ஆட்சியாளரிடத்தும் நிலவிய காலம் அது. அவர் தளரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு சிறுகச் சிறுக நிதி திரட்டினார்.

1952 ஒற்றோபர் 10ஆம் நாள் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 யூன் 18ஆம் நாள் பன்னிரண்டு படுக்கைகளுடன் அடையாற்றில் வைத்தியசாலை தொடங்கியது. தங்கை மறைந்து முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. தமக்கைக்கு வயது அறுபத்தெட்டை நெருங்கியிருந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே பணியேற்றார். அடுத்த ஆண்டு டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். கனடாவிலிருந்து வந்த கோபாற்றுக் கதிர்ப் பொறி 1950களின் பிற்பகுதியில் அங்கே நிறுவப்பட்டது. அது உடலுக்கு வெளியிலிருந்து கதிர் பாய்ச்சுவது.

1956இற் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968 யூலை 22ஆம் நாள் மறைந்தார். உள்ளிருந்து கதிர் செலுத்தும் முறையோ அதன் பின்னரும் வளர்ந்தது. றேடியத்தின் இடத்தை இரிடியம் பிடித்தது. இன்று வெறுங்குழாயை முதலில் உடலுள் அமைத்து, அறையை விட்டு அனைவரும் நீங்கிய பின்னரே பொறியின் மூலம் கதிர்மணியைச் செலுத்துகின்றனர். நாட்கணக்கில் நடந்தது நிமிடக் கணக்கில் முடிகிறது. தாதியரும் காக்கப்படுகின்றனர்.

பொறிகள் எத்துணை மாறினும், காலத்தோடு வருபவருக்கே அவற்றின் முழுப்பயனும் கிட்டும். அந்தத் தங்கைக்கு வாய்க்காதது அதுவே. காரணமின்றி இரத்தம் கசிந்தாலும், ஆறாத புண்ணோ கட்டியோ தோன்றினாலும், நாணத்தாலும் அச்சத்தாலும் மறைத்துவைக்கும் பெண்கள் நம் வீடுகளில் இன்றும் உளர். இவ்வம்மையாரின் வரலாற்றை வகுப்பறையிற் சொல்லும் ஆசிரியர்கள், சட்டசபைப் பெருமையோடு இந்த ஒன்றையும் சேர்த்துச் சொல்வார்களானால், அடையாற்றில் அவர் தொடங்கிய பணியில் நமக்கும் ஒரு பங்கு கிடைக்கும்.