ஒரே வகுப்பு, ஆளுக்கொரு வேகம்: 1950-களிலேயே 'கற்பிக்கும் இயந்திரம்' செய்த ஸ்கின்னர்!

மொழி கத்துக்கிற ஆப்ல பதிலைத் தட்டினதும், சரியா தப்பான்னு உடனே சொல்லிடும். உங்க வேகம் உங்களுக்கு, நண்பரோட வேகம் அவருக்கு. இது ஸ்மார்ட்போன் காலத்து ஐடியா இல்லை. சுமார் 70 வருஷத்துக்கு முன்பே ஒரு பெட்டியையும் காகிதச் சுருளையும் வைத்து இதை முயன்றவர் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர்.

யார் இவர்?

1904 மார்ச் 20 அன்று பென்சில்வேனியாவின் சஸ்குவஹானா என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா வக்கீல். கல்லூரியில் படித்தது ஆங்கில இலக்கியம். கனவு எழுத்தாளர் ஆவது. முயன்று பார்த்தார், சரிப்பட்டு வரலை. உளவியல் பக்கம் திரும்பி, 1931-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார்.

ஆய்வுக்கூடத்தில் எலிகளும் புறாக்களும்தான் துணை. சரியாகச் செய்ததும் தீனி கிடைத்தால், அதே செயலை அவை திரும்பச் செய்தன. கடினமான வேலையையும் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துப் பழக்க முடிந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டுகளை இலக்குக்கு வழிநடத்தப் புறாக்களைப் பழக்கினார். அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

மகளின் வகுப்பில் பார்த்தது என்ன?

1953 நவம்பரில் இளைய மகளின் நான்காம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பார்க்கப் போனார். அங்கே இரண்டு சிக்கல்கள் கண்ணில் பட்டன.

* விடை சரியா, தப்பா என்று மாணவர்களுக்கு உடனே தெரியவில்லை.
* எல்லோரும் ஒரே வேகத்தில் போக வேண்டியிருந்தது. சிலர் சீக்கிரமே முடித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள், சிலர் திணறினார்கள்.

இதில் ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. ஒரே ஆள் அத்தனை பேருக்கும் பக்கத்தில் நின்று சொல்லித்தர முடியாதே! அந்த இடத்தை ஒரு கருவியால் நிரப்பலாம் என்று நினைத்தார். 1954-ல் தன் மெஷினை பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இயக்கிக் காட்டினார்.

மெஷின் எப்படி வேலை செய்தது?

பெட்டியின் சின்ன ஜன்னலில் ஒரு கேள்வி தெரியும். மாணவர் பதிலை எழுத வேண்டும். பிறகு நெம்புகோலை நகர்த்தினால் சரியான விடை தெரியும். ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். முந்தைய கேள்வியைவிட ஒரு சின்னப் படிதான் கூடுதலாக இருக்கும்.

1920-களிலேயே சிட்னி பிரெஸ்ஸி என்பவர் நான்கில் ஒன்றைத் தேர்வு செய்யும் மெஷினை உருவாக்கியிருந்தார். ஸ்கின்னருக்கு அது பிடிக்கலை. தப்பான விடைகளைக் கண் முன்னால் வைத்தால் அவையும் மனசில் தங்கிவிடும், மாணவரே யோசித்து எழுத வேண்டும் என்பது அவர் வாதம்.

ஏன் ஜெயிக்கலை?

ஐ.பி.எம். மாதிரி மெஷின் செய்து பார்த்துவிட்டு விலகியது. ரீம் என்ற நிறுவனமும் கைகொடுக்கவில்லை. 1957-ல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியதும், அமெரிக்கப் பள்ளிக் கல்வி பின்தங்கிவிட்டதோ என்ற பதற்றத்தில் ஆர்வம் கூடியது. ஆனால், 1960-களின் முடிவுக்குள் அலை அடங்கிவிட்டது.

பிள்ளைகளைப் புறாக்கள் போல நடத்துவதா என்ற விமர்சனமும் வந்தது. ஆசிரியரை விரட்டும் மெஷின் என்றார்கள். திருத்தும் வேலையை மெஷினிடம் விட்டால், மாணவரோடு பேச ஆசிரியருக்கு நேரம் கிடைக்கும் என்பது ஸ்கின்னரின் பதில்.

இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. அவருடைய மெஷினில் ஆளுக்கு ஆள் மாறியது வேகம் மட்டும்தான். பாதை எல்லோருக்கும் ஒன்றே. தப்பாகப் பதில் சொன்னால், ஏன் தப்பு என்று விளக்கும் வேறு பக்கத்துக்கு அனுப்பும் முறையை நார்மன் கிரவுடர் அதே காலத்தில் கொண்டுவந்தார்.

இன்றைக்கு ஏன் முக்கியம்?

கற்பித்தல் தொழில்நுட்பம் பற்றி 1968-ல் தனிப் புத்தகமே வெளியிட்ட ஸ்கின்னர், 1990 ஆகஸ்ட் 18 அன்று ரத்தப் புற்றுநோயால் 86 வயதில் இறந்தார். அதற்கு எட்டு நாட்கள் முன்புகூட அமெரிக்க உளவியல் சங்கக் கூட்டத்தில் பேசினார்.

உங்களுக்கோ உங்க வீட்டுப் பிள்ளைக்கோ 'ஒவ்வொருவருக்கும் ஏற்ற கல்வி' என்று விளம்பரம் செய்யும் ஆப் வாங்கப் போறீங்களா? தப்பாகப் பதில் சொன்னால் அது என்ன செய்கிறது என்று முதலில் பாருங்க. அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், மாறுவது வேகம் மட்டுமே. எங்கே புரியவில்லை என்று கண்டுபிடித்து வேறு மாதிரி விளக்கினால்தான், ஸ்கின்னரின் பெட்டியைவிட ஒரு படி முன்னேறியிருக்கிறது என்று அர்த்தம்.